புளோவர் ஏன் ஆடியது? பெகு அரிசி மில்லில் ஒரு அதிர்வு வேலை

பர்மாவின் பெகுவில் நம் ஆட்கள் நடத்தும் அரிசி மில் ஒன்றில் உமி இழுக்கும் புளோவர் பேரிங்கைத் தின்றுகொண்டே இருந்தது. புது பேரிங் போட்டால் கொஞ்ச காலம் ஓடும். அப்புறம் சூடு ஏறும், கிரீஸ் கறுத்து வழியும், பேரிங்கைத் தாங்கும் பிளம்மர் பிளாக்கின் போல்ட் தானாகக் கழன்று வரும். அறுவடை முடிந்து நெல் வண்டிகள் வாசலில் வரிசை கட்டி நிற்கும் நேரத்தில் ஒரு புளோவர் நின்றால் மில்லே நின்ற மாதிரிதான். உமி பிரியாமல் அடுத்த இயந்திரத்துக்கு எதுவும் போகாது.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் எது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். நெல்லின் உமியை நீக்கும் ரப்பர் ரோல் ஷெல்லர் மேல்தளத்தில் இருக்கிறது. அதன் பக்கத்தில் நாலு கால் வைத்த ஓர் இரும்புச் சட்டம். உயரம் ஒரு மீட்டர், இடது வலது கால்களுக்கு நடுவே ஒரு மீட்டர். அதன் தலையில் புளோவர், ஓரத்தில் 10 குதிரைத்திறன் மோட்டார், இரண்டுக்கும் நடுவே வி-பெல்ட். சட்டத்தின் இடதுபுறக் கால்கள் ஒரு 5 அங்குல சேனல்மேல் (ப வடிவ இரும்பு உத்தரம்) நிற்கின்றன, வலதுபுறக் கால்கள் இன்னொரு சேனல்மேல். இந்த இரண்டு சேனலும் 2 மீட்டர் நீளம். இரண்டு முனையும் தளத்தின் மெயின் பீமில் வெல்டு செய்தவை. தளத்துக்குக் கீழே மூட்டை தூக்குகிறவர்கள் நடக்கும் வழி.

பழைய கதையைக் கேட்டேன். போன பருவத்தில் அரிசியோடு உமி கலந்து வந்ததால், இழுவை போதவில்லை என்று மோட்டார் புல்லியை 6 அங்குலத்திலிருந்து 7 அங்குலமாக மாற்றியிருக்கிறார்கள். புளோவர் புல்லி 8 அங்குலம். மோட்டார் நிமிடத்துக்கு 1,450 சுற்று. பழைய கணக்கில் புளோவர் 1,090 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடியிருக்கும். இப்போது 1,270க்குப் பக்கத்தில். இழுவை நன்றாகிவிட்டது, உமிப் பிரச்சினை தீர்ந்தது. அன்றிலிருந்தே ஆட்டமும் ஆரம்பம்.

ஆட்டம் என்றதும் புளோவருக்குள் சுழலும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரைக் கழற்றி பேலன்ஸ் செய்தார்கள். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. மறுபடி பேலன்ஸ். அப்புறம் ஒரு பட்டறைக்காரர் சொன்ன யோசனைப்படி சட்டத்தின் தலையில் கனத்த இரும்புத் தகடுகளை போல்ட் போட்டு இறுக்கினார்கள். பர்மிய எடையில் 30 வீசை, அதாவது ஏறக்குறைய 49 கிலோ. கனமாக இருந்தால் ஆடாது என்பது எங்கும் கேட்கிற பேச்சுதான். தகடு ஏறிய பிறகு ஆட்டம் பல மடங்காகிவிட்டது.

வழி காட்டியது புளோவருக்குப் பக்கத்திலேயே நிற்கிற பர்மியப் பையன். "சயா (ஐயா), கரண்ட் போய் ஜெனரேட்டரில் ஓடினால் இது இவ்வளவு ஆடாது" என்றான். முதலாளி அதைப் பொருட்படுத்தவில்லை. "ஜெனரேட்டர்ல எல்லாமே மெதுவாத்தானே ஓடும் தம்பி" என்றார். மெதுவாக ஓடுவது உண்மைதான். ஆனால் எவ்வளவு மெதுவாக, எவ்வளவு குறைவாக என்று அளந்து பார்த்தால் நோய் இன்னதென்று தெரிந்துவிடும்.

அளந்தோம். லைன் கரண்டில் புளோவர் 1,265 சுற்று, விநாடிக்கு 21.1. லைன் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஜெனரேட்டர் லோடு ஏறியதும் 48 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே இறங்கி நின்றது. அப்போது புளோவர் 1,220 சுற்று, விநாடிக்கு 20.3. வேகத்தில் வித்தியாசம் நூற்றுக்கு நாலுகூட இல்லை. பேரிங் வீட்டின்மேல் பக்கவாட்டு அதிர்வு லைனில் விநாடிக்கு 14 மில்லிமீட்டர், ஜெனரேட்டரில் ஐந்தரைக்குப் பக்கம்.

இதை நின்று யோசிக்க வேண்டும். இம்பெல்லரில் எடை ஒரு பக்கம் கூடியிருப்பது மட்டும் காரணம் என்றால், அது தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தில் போகும். வேகம் நூற்றுக்கு நாலு குறைந்தால் விசை எட்டு குறையலாம். அதிர்வு 14இலிருந்து 13க்கோ 12க்கோ வந்திருக்கும். இங்கே பாதிக்கும் கீழே விழுந்துவிட்டது. சின்ன வேக மாற்றத்துக்கு இவ்வளவு பெரிய அதிர்வு மாற்றம் என்றால், சட்டத்தின் இயல் அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தன் போக்கில் விநாடிக்கு எத்தனை முறை ஆடும் என்ற எண், ஓட்ட வேகத்துக்கு ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒத்ததிர்வு. இம்பெல்லரை எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் மிஞ்சுகிற துளி விசையைச் சட்டம் இருபது மடங்காக்கிக் காட்டும். அந்தப் பையனை நான் மனதாரப் பாராட்டினேன். இயந்திரத்தோடு தினமும் நிற்கிறவன் சொல்வதை எழுதிக்கொள்ளாமல் அளவுக் கருவியை எடுக்கக் கூடாது.

14 மில்லிமீட்டர் எவ்வளவு மோசம் என்று கேட்பவர்களுக்கு: 15 கிலோவாட்டுக்குக் கீழான சிறிய மோட்டார் இயந்திரங்களுக்கு ஐஎஸ்ஓ 10816 என்ற சர்வதேசத் தரத்தின் முதல் பகுதி 4.5க்கு மேலே போனாலே சேதம் வரும் என்று கோடு போட்டிருந்தது. இப்போது அந்த வரிசைக்கு 20816 என்று எண் மாறியிருக்கிறது. 1.8க்குக் கீழே இருந்தால் நீண்ட நாள் ஓட்டலாம். 21 ஹெர்ட்ஸில் 14 மில்லிமீட்டர் வேகம் என்பது பேரிங் வீடு முனைக்கு முனை 0.3 மில்லிமீட்டர் போய்வருவது. கையை வைத்தால் விரல் மரத்துவிடும்.

தட்டிப் பார்த்தது

இயல் அதிர்வெண்ணை அறிய நேரான வழி, இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு தட்டு தட்டி, அது தன் போக்கில் எப்படி ஆடி அடங்குகிறது என்று பதிவுசெய்வது. ஆய்வுக்கூடத்தில் நுனியில் விசை உணரி பொருத்திய சுத்தியல் இருக்கும், பல இடங்களை ஒரே நேரத்தில் பதியும் கருவி இருக்கும். இங்கே மூன்று பவுண்டு சுத்தியல், அதன் முகத்தில் கட்டிய பழைய லாரி டயர்த் துண்டு. இரும்பு முகத்தோடு அடித்தால் அடி சட்டென்று முடிந்து ஆற்றல் மேல் அதிர்வெண்களுக்குச் சிதறிவிடும். தகரம் எல்லாம் கிணுகிணுக்கும், நமக்கு வேண்டிய 20 ஹெர்ட்ஸ் பக்கம் அதிகம் போகாது. ரப்பர் முகம் அடியை நீட்டி, கீழ்ப்பக்கம் ஆற்றலைக் கொடுக்கிறது.

தட்டுவதற்கு நல்ல நேரம் கரண்ட் போன நேரம். ஜெனரேட்டரையும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மற்ற இயந்திரங்கள் ஓடும்போது தளம் முழுக்க அவற்றின் நடுக்கம் இருக்கும். மின்வெட்டு நம் ஊரில் எல்லோருக்கும் தலைவலி. அதிர்வு அளக்கிறவனுக்கு மட்டும் அந்த அமைதி கிடைப்பதற்கரியது.

முதல் பதிவுக்குக் கைப்பேசியே போதும். ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் என்ற செயலி கைப்பேசியின் முடுக்க உணரியை அப்படியே பதிவுசெய்து கோப்பாகக் கொடுக்கும். கைப்பேசியைப் பஞ்சு ஒட்டுநாடாவில் ஒட்டக் கூடாது, பஞ்சே ஒரு ஸ்பிரிங். சட்டத்தின் தலையில் மெல்லிய இரட்டைப் பக்க நாடா போட்டு அழுத்தி ஒட்டி, மேலே பட்டை கட்டினேன். இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கைப்பேசி விநாடிக்கு எத்தனை மாதிரி எடுக்கிறது? என்னுடையது 400 எடுக்கும். 100தான் எடுக்கும் என்றால் 50 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைப் பார்க்க முடியாது. அதைவிட ஆபத்து, மேலே உள்ள அதிர்வு கீழே வேறு எண்ணாக வேடம் போட்டு வரலாம். 79 ஹெர்ட்ஸ் அதிர்வு 21 ஆகத் தெரியும்.

பெல்ட் மாட்டியபடியே சட்டத்தின் தலையில் பக்கவாட்டில் ஒரு தட்டு. திரையில் அலை எழுந்து, ஒரே சீராகக் குறைந்து, இரண்டு விநாடிக்குள் அடங்கியது. அந்தப் பதிவை, அலையை அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் ஃபோரியர் உருமாற்றத்தில் போட்டால், படத்தில் 21.5 ஹெர்ட்ஸில் ஒற்றைக் கொம்பு. ஓட்ட வேகம் 21.1. பையன் சொன்னது இந்த இடத்தில் எண்ணாக வந்து நின்றது. கூலியும் டூக்கியும் 1965இல் வெளியிட்ட அந்த வேகக் கணக்குமுறைதான் இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஓடுகிறது. அதற்கு முன் இந்த வேலைக்கு ஓர் ஆய்வுக்கூடமே வேண்டியிருந்தது.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. ஃபோரியர் போடும் மென்பொருள்கள் தாமாகவே ஹான் சன்னல் என்ற வடிவத்தால் பதிவைப் பெருக்கிவிடும். ஓடும் இயந்திரத்தின் பதிவுக்கு அது சரி. தட்டிய பதிவுக்குச் சரியில்லை. பதிவின் தொடக்கத்தில்தான் அடியே இருக்கிறது, சன்னல் அந்தத் தொடக்கத்தைத்தான் பூஜ்யமாக்குகிறது. தட்டும்போது சன்னலை அணைத்துவிட வேண்டும்.

அடங்கும் வேகத்திலிருந்து தணிப்பும், அதாவது ஆட்டத்தை அமைப்பு எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற அளவும், கிடைக்கும். ஓர் அலையின் உயரத்தை 100 என்று வைத்தால், பத்து அலை தாண்டி 40 ஆக இருந்தது. 100ஐ 40ஆல் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, பத்தால் வகுத்து, 2π-ஆல் வகுத்தால் 0.015. நூற்றுக்கு ஒன்றரை. கொம்பின் உச்சத்தில் 0.707 பங்கு உயரத்தில் அதன் அகலம் 0.65 ஹெர்ட்ஸ், அதை 21.5இன் இருமடங்கால் வகுத்தாலும் அதே 0.015. இரண்டு வழியும் ஒன்றுக்கொன்று சாட்சி சொன்னதால் எனக்கு நிம்மதி. வெல்டு செய்த இரும்பில் தணிப்பு இப்படித்தான் குறைவாக இருக்கும். இந்த அளவு தணிப்பில், 21.5இல் ஆடும் சட்டத்தை 21.1இல் தள்ளினால் நிலையான விசை தரும் விலகலைப்போல் 21 மடங்கு விலகும். 20.3இல் தள்ளினால் 9 மடங்குக்குச் சற்றுக் குறைவு. விசையின் மாற்றத்தையும் சேர்த்தால் 14க்கும் ஐந்தரைக்கும் உள்ள விகிதம் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடுகிறது.

தகட்டைக் கழற்றியது

இயல் அதிர்வெண் விறைப்பை நிறையால் வகுத்த வர்க்கமூலத்தில் போகிறது. நிறை கூடினால் அதிர்வெண் இறங்கும். புளோவர், ஷாப்ட், மேல் சட்டம் எல்லாம் சேர்ந்து 260 கிலோ ஆடுகிறது என்று மதிப்பிட்டேன். அதன்மேல் 49 கிலோ ஏற்றினால் அதிர்வெண் நூற்றுக்கு எட்டுக்குச் சற்று மேல் இறங்கியிருக்க வேண்டும். அப்படியென்றால் தகடு ஏறுவதற்கு முன் சட்டம் 23.4இல் இருந்திருக்கும். புல்லி மாற்றத்தால் 18இலிருந்து 21க்கு ஏறிய வேகம் ஒரு பக்கம், தகட்டால் 23.4இலிருந்து 21.5க்கு இறங்கிய சட்டம் மறுபக்கம். இரண்டும் ஒன்றைத் தேடி ஒன்று நடந்து வந்திருக்கின்றன.

தகடுகளைக் கழற்றிவிட்டுத் தட்டினோம். 23.5. புளோவரைப் போட்டோம். அதிர்வு 14இலிருந்து 3.6க்கு வந்துவிட்டது. ஸ்பேனரைத் தவிர எதுவும் செலவில்லை.

முதலாளிக்கு அத்தோடு முடித்துவிடலாம் என்றே எண்ணம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 3.6 என்பது நீண்ட நாள் ஓட்டத்துக்கு நல்ல எண் இல்லை. அதோடு, 21.1க்கும் 23.5க்கும் இடைவெளி நூற்றுக்குப் பதினொன்றுதான். குறைந்தது இருபது வேண்டும் என்பது இந்த வேலையில் பழகியவர்களின் கணக்கு. ஜெனரேட்டர் லோடு இல்லாமல் 52 ஹெர்ட்ஸில் ஏறி நிற்கும் நேரத்தில் புளோவரைப் போட்டால் வேகம் 22ஐ எட்டிவிடும். எல்லாவற்றையும்விட, மோட்டாரும் அதே சட்டத்தில் விநாடிக்கு 24.2 சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறது. 23.5இல் இருக்கும் சட்டத்துக்கு ஒரு பக்கம் புளோவர், மறுபக்கம் மோட்டார். இரண்டையும் தாண்டி 30க்கு மேலே போனால்தான் நிம்மதி.

பழைய புல்லியைத் திருப்பிப் போடுவது இன்னொரு வழி. இழுக்கும் காற்று வேகத்துக்கு நேராகவும், அழுத்தம் அதன் வர்க்கத்திலும் குறையும். உமி மறுபடி அரிசியோடு வரும். அந்தப் பேச்சை முதலாளி எடுக்கவே விடவில்லை, அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

எங்கே இரும்பு போடுவது?

வெல்டிங் ஆள் வந்து பார்த்ததும் கால்களுக்கு நடுவே குறுக்கே ஆங்கிள் (எல் வடிவ இரும்பு) அடித்துவிடலாம் என்றார். நூற்றில் தொண்ணூறு பேர் அதைத்தான் சொல்வார்கள். நான்கு கால் ஆடுகிறது, காலைக் கட்டு. அதிர்வெண் மட்டும் தெரிந்திருந்தால் நானும் தலையாட்டியிருக்க வேண்டியதுதான். ஆனால் அதிர்வெண் எவ்வளவு என்பது பாதிச் செய்தி. அந்த அதிர்வெண்ணில் எந்த இடம் எவ்வளவு அசைகிறது, எந்த இடம் எதற்கு எதிராக அசைகிறது என்ற அதிர்வு வடிவம்தான் மீதிப் பாதி. மோடல் பகுப்பாய்வு என்று பெரிய பெயர் வைத்திருப்பதெல்லாம் இந்த மூன்றையும் கண்டுபிடிக்கத்தான்: அதிர்வெண், தணிப்பு, வடிவம்.

வடிவத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு இடத்தை அளக்க வேண்டும். இரண்டு கைப்பேசி வைத்தால் அவற்றின் கடிகாரங்கள் ஒத்துப்போகாது. எது மேலே போகும்போது எது கீழே வருகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் கடையில் மலிவாகக் கிடைக்கும் ஏடிஎக்ஸ்எல் 345 முடுக்க உணரி இரண்டை இஎஸ்பி 32 என்ற ஒரே சிறு கணினிப் பலகையில் இணைத்தேன். இந்த உணரியில் ஓர் இணைப்பு முனையை மின்னழுத்தப் பக்கம் கட்டினால் ஒரு முகவரி, கிரவுண்டில் கட்டினால் இன்னொரு முகவரி. அதனால் இரண்டும் ஒரே கம்பி ஜோடியில் உட்காரும். கம்பி நீளமாகப் போனால் இந்தத் தொடர்பு முறை தடுமாறும். கடிகார வேகத்தைக் குறைத்து, கம்பியை ஒன்றரை மீட்டருக்குள் வைத்துக்கொண்டேன். உணரிகளைச் சிறிய காந்தத்தில் ஒட்டி, ஒன்றைச் சட்டத்தின் தலையில் நிரந்தரமாக வைத்தேன். மற்றதைக் காலின் வழியே இடம் மாற்றி மாற்றி, ஒவ்வோர் இடத்திலும் தலையில் தட்டிப் பதிவு. 23.5 கொம்பில் இரண்டின் உயர விகிதத்தையும் கட்ட வித்தியாசத்தையும் (இரண்டும் ஒரே பக்கம் அசைகின்றனவா, எதிர்ப்பக்கமா என்பதை) எடுத்தால் போதும். சுத்தியல் விசை தெரியாவிட்டாலும் விகிதம் மாறாது.

தலையை 1.00 என்று வைத்தால், 75 செ.மீ. உயரத்தில் பக்கவாட்டு அசைவு 0.76. பாதி உயரத்தில் 0.51. 25 செ.மீ. உயரத்தில் 0.25. அடியில் 0.02.

இந்த எண்களைக் காகிதத்தில் குறித்துக் கோடு போட்டதும் விஷயம் விளங்கிவிட்டது. கால்கள் வளைந்து ஆடினால், அடியிலும் தலையிலும் நிமிர்ந்து நடுவில் சாயும் வளைகோடு வர வேண்டும். அந்தக் கணக்கில் 75 செ.மீ.யில் 0.84, 25 செ.மீ.யில் 0.16 இருந்திருக்கும். நமக்கு வந்தது கிட்டத்தட்ட நேர்கோடு. கால்கள் வளையவில்லை. சட்டம் முழுதும் விறைத்தபடியே அடியிலிருந்து சாய்கிறது.

அடியில் என்ன நடக்கிறது என்று உணரியைச் செங்குத்தாகத் திருப்பிச் சேனல்மேல் வைத்தேன். இடது காலடியில் 0.44, வலது காலடியில் 0.44, ஆனால் எதிரெதிர்த் திசையில். ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே. சட்டம் ஒரு மீட்டர் உயரம், ஒரு மீட்டர் அகலம் என்பதால், சாய்வு முழுக்க தளத்தால் வந்திருந்தால் இந்த எண் 0.50 ஆக இருக்க வேண்டும். 0.44 என்றால் அசைவில் எட்டில் ஏழு பங்கு தளத்துச் சேனல்கள் வளைவதால் வருகிறது. கால்களின் பங்கு எட்டில் ஒன்று.

இப்போது வெல்டிங் ஆள் சொன்ன குறுக்கு ஆங்கிளைக் கணக்குப் பாருங்கள். கால்களைப் பாறையாகவே ஆக்கிவிட்டாலும் எட்டில் ஒரு பங்கு நெகிழ்வுதான் போகும். அதிர்வெண் நூற்றுக்கு ஏழு ஏறி 25க்கு வரும். மோட்டாரின் 24.2க்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்த மாதிரி ஆகும். வாயால் சொல்லாமல் செய்தே காட்டினோம். ஆங்கிள் துண்டுகளை வெல்டு செய்யாமல் சி-கிளாம்ப்பில் இறுக்கிப் பிடித்துத் தட்டினால் 24.6. அதை எடுத்துவிட்டு, கீழே மூட்டைப் பாதையில் பைன்காடோ என்ற பர்மிய மரத்துக் கட்டைகளை நிறுத்தி, சேனல்களுக்கு அடியில் ஆப்பு அடித்து முட்டுக் கொடுத்துத் தட்டினால் 38. அந்த ஆள் தானே சுத்தியலை வாங்கி மறுபடி தட்டிப் பார்த்தார். அதற்குமேல் விவாதம் இல்லை. வெல்டிங் என்பது திரும்பப் பெற முடியாத வேலை. கிளாம்ப்பும் ஆப்பும் வைத்து முதலில் பொய்யாகச் செய்து தட்டிப் பார்ப்பது எந்தக் கணினி மாதிரியையும்விட எனக்கு நம்பிக்கையானது.

வெல்டிங்

முட்டுக் கொடுத்த கட்டைகளை அப்படியே விட முடியாது, மூட்டை தூக்குகிறவர்கள் வழி அது. அதனால் ஒவ்வொரு சேனலுக்கும் அடியில் அதே அளவு இன்னொரு சேனலை ஒட்டி வெல்டு செய்வது என்று முடிவெடுத்தோம். மெயின் பீமிலிருந்து மெயின் பீம் வரை முழு நீளம். முனைகளில் முக்கோணத் தகடு.

ஒரு சேனலுக்கு அடியில் இன்னொன்றைச் சும்மா வைத்தால் விறைப்பு இரண்டு மடங்குதான். இரண்டும் தனித்தனியாக வளையும், ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். வழுக்காமல் வெல்டு பிடித்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்து 10 அங்குல ஆழமுள்ள ஒரே உறுப்பாகிவிடும், விறைப்பு ஐந்து மடங்கு. அந்த வித்தியாசம் முழுக்க வெல்டில்தான் இருக்கிறது. 15 செ.மீ.க்கு ஒருமுறை 5 செ.மீ. வெல்டு, இரண்டு பக்கமும் மாறி மாறி. ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் சூட்டில் சேனல் முறுக்கிக்கொள்ளும். தலைக்கு மேலே பிடித்து வெல்டு செய்ய வேண்டிய வேலை, அதனால் நல்ல கை வேண்டும். தொடங்குவதற்கு முன் பாட்டில் ஜாக்கி வைத்துப் பழைய சேனலைச் சற்றே தூக்கிப் பாரத்தை எடுத்துவிட்டோம். இல்லாவிட்டால் வளைந்த நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும்.

ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழாவும் நம் சித்திரைப் புத்தாண்டும் ஒன்றாக வருவதால் மில் எப்படியும் மூடியிருக்கும். அந்த விடுமுறையில் வேலையை வைத்துக்கொண்டோம். உமித்தூள் படிந்த இடத்தில் வெல்டிங் என்பதால் தளத்தை முதலில் கூட்டி, தண்ணீர் தெளித்து, நனைத்த சாக்கு விரித்து, முடிந்த பிறகும் ஓர் ஆளைக் காவலுக்கு உட்கார வைத்தோம். உமித்தூளில் விழுந்த பொறி உள்ளே புகைந்துகொண்டே இருந்து நடுராத்திரியில் பற்றும். அரிசி மில்லில் இதைவிடப் பெரிய பயம் கிடையாது.

புளோவரையும் காற்றுக் குழாயையும் நேராக போல்ட் போட்டிருந்ததைப் பிரித்து, நடுவே கேன்வாஸ் வளையம் வைத்தோம். குழாய் தொங்குகிற இடமெல்லாம் புளோவரோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்ததற்கு அது போதுமானது.

பிறகு வந்த எண்கள்

வெல்டு ஆறியதும் தட்டினோம்: 34. சேனலின் விறைப்பு ஐந்து மடங்கு என்றால் இன்னும் மேலே போயிருக்க வேண்டுமே என்று தோன்றும். சேனல்களை விறைப்பாக்கிய பிறகு மெயின் பீமின் நெகிழ்வும் கால்களின் நெகிழ்வும் மிஞ்சுகின்றன, அவை இப்போது பெரும்பங்காகிவிட்டன. மறுபடி வடிவம் எடுத்தபோது காலின் கோடு வளைய ஆரம்பித்திருந்தது, காலடிச் செங்குத்து அசைவு 0.44இலிருந்து 0.33க்கு இறங்கியிருந்தது. இனி குறுக்கு ஆங்கிள் போட்டால் பலன் தெரியும். ஆனால் இனி அது வேண்டியதில்லை.

புளோவரை ஓட்டினோம். லைனில் 1.5 மில்லிமீட்டர், ஜெனரேட்டரிலும் ஏறக்குறைய அதேதான். எனக்கு மகிழ்ச்சி தந்தது 1.5 என்ற எண்ணைவிட, இரண்டும் ஒன்றாக இருந்ததே. வேகம் சற்று மாறினாலும் அதிர்வு மாறவில்லை என்றால் ஒத்ததிர்வு அந்தப் பக்கம் இல்லை. மிஞ்சிய 1.5இல் புளோவரின் பங்கு சிறிது, மோட்டாரின் 24.2உம், பெல்ட் சுற்றுக்குரிய சிறிய கொம்புகளும்தான் மீதி. பெல்ட்டுகளை ஒரே தொகுதியாக மாற்றச் சொல்லியிருக்கிறேன். ஒன்று பழசு ஒன்று புதுசு என்று இழுவிசை வேறுபட்டு ஓடிக்கொண்டிருந்தது.

சட்டத்தின் காலில் வெள்ளைப் பெயின்டில் பர்மியத்திலும் தமிழிலும் எழுதிவைத்தோம்: இயல் அதிர்வெண் 34, புளோவர் 21.1, மோட்டார் 24.2, மேலே எடை ஏற்றக் கூடாது. அடுத்து வருகிற ஃபிட்டர் யாராக இருந்தாலும் அந்த நாலு வரியிலிருந்து தொடங்கலாம்.

எழுதி முடிப்பதற்குள் முதலாளி கேட்டார், "அப்போ 8 அங்குல புல்லி போட்டுக்கலாமா தம்பி? இன்னும் நல்லா இழுக்குமே." கணக்குப் போட்டுக் காட்டினேன். 8க்கு 8 என்றால் புளோவரும் 24.2இல் ஓடும். சட்டம் 34இல் இருப்பதால் அதைத் தாங்கும், ஏறக்குறைய இரண்டு மடங்கு விலகலில் நிற்கும். ஆனால் புளோவர் கேட்கும் திறன் வேகத்தின் மும்மடியில் ஏறும். 7இலிருந்து 8க்குப் போனால் ஒன்றரை மடங்கு. கிளாம்ப் மீட்டரில் மோட்டார் இப்போது 11 ஆம்பியர் இழுக்கிறது, அதன் தட்டில் எழுதியிருப்பது 15. ஒன்றரை மடங்கு ஏறினால் 16ஐத் தாண்டும், சுருள் எரியும். வேண்டுமானால் மோட்டாரையும் சேர்த்து மாற்ற வேண்டும். மாற்றினால் அதன் எடையும் மாறும், அப்போது மறுபடி ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். இந்தப் பருவம் 7 அங்குலத்திலேயே ஓடட்டும் என்று சொல்லிவிட்டார்.